வட்டு எழுதும் நாட்குறிப்பு

நுழையும்முன்

கணினியில் எழுதியதை மறைத்துவைக்கக் கடவுச்சொல் உண்டு. அதை எப்போது எழுதினார், எத்தனை நாள் திருத்தினார், எந்த இரவில் உறங்காமல் விழித்திருந்தார் என்பவற்றுக்குப் பூட்டு உண்டா? சேமிப்பு வட்டுகள் தாமாகவே குறித்துவைக்கும் நேரத்தைப் பற்றியும் அந்த நேரத்தின்மீது யாருக்கு உரிமை என்பதைப் பற்றியும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழ்நாட்டுக் கோயிற்சுவர்களில் உள்ள கல்வெட்டுகளைப் படிக்கும் ஆய்வாளர்கள் முதலில் தேடுவது ஆட்சியாண்டை. மன்னனின் பெயரைத் தொடர்ந்து 'யாண்டு' என்னும் சொல்லும் ஓர் எண்ணும் வரும். அவ்வெண்ணைக் கொண்டே கொடையின் காலம் கணிக்கப்படுகிறது. அஞ்சலகம் உறையின்மீது குத்தும் முத்திரையும் இவ்வாறே நாளைச் சொல்கிறது. கல்லில் நாளைப் பொறிக்கச் சொன்னவனுக்கு அது பொறிக்கப்படுவது தெரியும். கடிதத்தை அஞ்சல்பெட்டியில் இட்டவருக்கும் முத்திரை விழப்போவது தெரியும்.

கணினியின் சேமிப்பு வட்டில் விழும் நேரமுத்திரை இவற்றிலிருந்து வேறுபட்டது. எழுதியவர் அறியாமலே அது விழுகிறது. அவர் கோப்பை அழித்த பிறகும் பலபோது அழியாமல் கிடக்கிறது. அவர் ஒருநாளும் திறந்து பார்த்திராத இடத்திலிருந்து வேறொருவர் அதை எடுத்துப் படிக்க இயலுகிறது. தனியுரிமை என்றவுடன் கடிதத்தின் உள்ளடக்கம், ஒளிப்படம், வங்கிக் கணக்கு எண் ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. 'எப்போது' என்னும் கேள்விக்கான விடையும் ஒருவரின் சொந்த உடைமையே என்பது இன்னும் போதிய அளவு உணரப்படவில்லை.

கோப்பின்மீது விழும் முத்திரைகள்

விண்டோஸ் இயக்க அமைப்பில் பெரிதும் பயன்படும் என்.டி.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமை ஒவ்வொரு கோப்புக்கும் நான்கு நேரங்களைக் குறிக்கிறது. கோப்பு உருவான நேரம், உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம், கோப்பைப் பற்றிய பதிவு மாறிய நேரம், கோப்பு கடைசியாகத் திறக்கப்பட்ட நேரம் என்பன அவை. இந்நான்கும் ஓரிடத்தில் மட்டும் எழுதப்படுவதில்லை; கோப்பின் பெயரோடு சேர்த்து இன்னொரு படியும் வைக்கப்படுகிறது. முதல் படியைத் திருத்த எளிய கருவிகள் உள்ளன. இரண்டாம் படி அவ்வளவு எளிதாக வளைந்துகொடுப்பதில்லை. இரண்டும் ஒவ்வாதிருந்தால் திருத்தம் நடந்திருக்கலாம் என்ற ஐயம் ஆய்வாளர்க்கு எழுகிறது.

இக்கணக்கின் நுட்பம் வியப்புக்குரியது. 1601ஆம் ஆண்டு சனவரி முதல் நாளைத் தொடக்கமாகக் கொண்டு, ஒரு விநாடியை ஒரு கோடிக் கூறுகளாகப் பகுத்து எண்ணுகிறது இம்முறைமை. நானூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழலும் கிரெகொரியன் நாட்காட்டிச் சுழற்சி ஒன்று அந்நாளில் தொடங்கியதால் அது தேர்ந்தெடுக்கப்பட்டது. லினக்ஸ் முதலிய முறைமைகளோ 1970 சனவரி முதல் நாளிலிருந்து எண்ணுகின்றன. வீட்டுக் கணக்கையோ பள்ளிக் கட்டுரையையோ எழுதுபவருக்கு ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்கு எதற்கும் பயன்படாது. ஆயினும் அது எழுதப்படுகிறது.

ஒரு கோப்பை அழிப்பதும் பலர் நினைப்பதுபோன்றது அன்று. நூலகத்தின் அட்டவணையில் ஒரு நூலின் குறிப்புச்சீட்டின்மேல் 'இவ்விடம் காலி' என்று எழுதிவிட்டு நூலை அடுக்கிலேயே விட்டுவைப்பதை ஒத்தது அது. வேறொரு கோப்பு அவ்விடத்தைப் பிடிக்கும்வரை பழைய பெயரும் பழைய நேரமும் அங்கேயே இருக்கும். எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பகங்களில் உள்ளடக்கம் விரைவில் துடைக்கப்படலாம். ஆனால் பெயரையும் நேரத்தையும் தாங்கிய குறிப்புச்சீட்டு அப்போதும் எஞ்சக்கூடும்.

பென் டிரைவைச் சொருகும்போதும் ஒரு பதிவு உண்டாகிறது. எந்தத் தொடரெண் கொண்ட கருவி எப்போது முதன்முதலாகச் சொருகப்பட்டது, கடைசியாக எப்போது சொருகப்பட்டது, எப்போது அகற்றப்பட்டது என்பவற்றை அண்மைக்கால விண்டோஸ் பதிப்புகள் குறித்துவைக்கின்றன. பென் டிரைவை எடுத்துச் சென்றவர் தம் தடத்தையும் உடன் எடுத்துச் சென்றுவிட்டதாக எண்ணுகிறார். தடம் கணினியில் இருக்கிறது.

வட்டு தன்னைப் பற்றி எழுதுவது

மேற்கூறியவை இயக்க அமைப்பு எழுதுபவை. வட்டும் தன்னளவில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. வட்டு பழுதாவதை முன்கூட்டியே அறிவதற்காக 1990களில் 'ஸ்மார்ட்' என்னும் தற்கண்காணிப்பு முறை வன்வட்டுகளில் புகுத்தப்பட்டது. வட்டு இதுவரை எத்தனை மணி நேரம் இயங்கியது, எத்தனை முறை மின்னிணைப்புப் பெற்றது என்பன அதில் இடம்பெறும். பிழை நேர்ந்தால், வட்டின் வாழ்நாளில் அது எத்தனையாவது மணி என்பதும் சேர்த்து எழுதப்படும். இயங்கியது 6,000 மணி, மின்னிணைப்பு 1,500 முறை என்றால், உரியவர் ஒவ்வொரு முறையும் சராசரியாக நான்கு மணி நேரம் கணினிமுன் அமர்ந்தார் என்று ஒரு வகுத்தல் கணக்கு சொல்லிவிடும்.

இவ்வெண்கள் மணிகளைச் சொன்னாலும் நாளைச் சொல்வதில்லை. அண்மைக்காலச் சேமிப்பகங்களில் அக்குறையும் தீர்ந்து வருகிறது. என்.வி.எம்.இ. எனப்படும் அதிவேகச் சேமிப்பகங்களுக்கான பொதுவரையறையின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பில், கணினி தன் கடிகார நேரத்தைச் சேமிப்பகத்துக்குத் தெரிவிக்கும் வசதி சேர்க்கப்பட்டது. அந்நேரம் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை எண்ணப்படுகிறது. 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் 'நிலைத்த நிகழ்வுப் பதிவேடு' ஒன்று வந்தது. சேமிப்பகம் உயிர்பெற்றது, அளவுக்கு மீறிச் சூடானது, அதன் உள்மென்பொருள் மாற்றப்பட்டது போன்ற நிகழ்வுகள் அதில் நேரத்துடன் எழுதப்படலாம். மின்சாரம் நின்றாலும் பதிவு நிற்கும் என்பதே அதன் பெயரில் உள்ள 'நிலைத்த' என்னும் சொல்லின் பொருள். ஃபார்மட் செய்யத் தொடங்கியதும் முடித்ததும்கூட அங்கே நிகழ்வுகளாகவே இடம்பெறுகின்றன. துடைத்ததற்கும் ஒரு பதிவு! எல்லாச் சேமிப்பகங்களிலும் இவ்வசதி இல்லை. இருக்கிறதா இல்லையா என்பதை வாங்குபவர் கடையில் கேட்டு அறிய வழியும் இல்லை.

நேரம் மட்டும் போதுமா?

நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு யார் என்ன செய்துவிட முடியும் என்று கேட்போர் உண்டு. ஒரு தனி நேரமுத்திரை பெரிதாக எதையும் சொல்லாது என்பது உண்மையே. ஓராண்டின் முத்திரைகளை வரிசைப்படுத்தினால் நிலைமை வேறு. நாள்தோறும் இரவு பதினொரு மணிக்குமேல் மட்டுமே உயிர்பெறும் கணினி, வீட்டு வேலைகளெல்லாம் முடிந்தபின் தமக்கென ஒரு மணி நேரத்தைத் திருடிக்கொள்ளும் ஒரு பெண்ணுடையதாக இருக்கலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் அல்லது ஞாயிற்றுக்கிழமை காலையில் தவறாமல் ஓய்ந்திருக்கும் கணினி, உரியவரின் வழிபாட்டைக் குறிப்பால் உணர்த்தலாம். மூன்று வாரம் ஓசையற்றுக் கிடந்த கணினி நோயையோ துக்கத்தையோ பயணத்தையோ சுட்டலாம். இவற்றுள் எதையும் அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை.

இதனினும் கடுமையான சூழலும் உண்டு. ஓர் அலுவலகத்தில் நடக்கும் முறைகேட்டைக் கண்ட ஊழியர் ஒருவர், பெயரிடாமல் மேலதிகாரிக்குப் புகார் எழுதுகிறார் எனக் கொள்க. கடிதத்தில் பெயர் இல்லை, கையொப்பம் இல்லை, கையெழுத்தும் இல்லை. கடிதக் கோப்பு பிற்பகல் 3.12 மணிக்கு உருவானது என்று அதன் முத்திரை சொல்கிறது. அலுவலகக் கணினி ஒன்றில் 3.10 மணிக்கு ஒரு பென் டிரைவ் சொருகப்பட்டது என்று அக்கணினி சொல்கிறது. அந்த நேரத்தில் அறையில் இருந்தவர் யார் என்று வருகைப்பதிவேடு சொல்கிறது. மூன்றும் தனித்தனியே பொருளற்றவை. மூன்றையும் ஒருவர் மேசையில் பரப்பி வைத்தால், பெயரிடாத கடிதத்துக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. அநீதியைச் சுட்டிக்காட்டுபவர் மறைந்து நிற்க வேண்டிய சமூகத்தில், இது சிறிய கேடு அன்று.

கைமாறும் வட்டுகள்

சேமிப்பு வட்டு உரியவரிடமே இருக்கும்வரை இப்பதிவுகளால் பெரிய இடர் இல்லை. வட்டு கைமாறும்போதே இடர் தொடங்குகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் ஆகிய இருவர், பழைய வன்வட்டுகள் 158-ஐ விலைக்கு வாங்கி ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். படிக்க முடிந்த 129 வட்டுகளுள் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. ஏனையவற்றுள் 5,000-க்கும் மேற்பட்ட கடனட்டை எண்கள் கிடைத்தன. தானியங்கிப் பண இயந்திரம் ஒன்றில் இருந்த வட்டும் அவற்றுள் ஒன்று. விற்றவர்களுள் பலர் தம் கோப்புகளை அழித்துவிட்டதாகவே நம்பியிருப்பர்.

தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு முதல் மேல்நிலை வகுப்பு மாணவர்க்கு அரசு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. இலட்சக்கணக்கான வீடுகளில் அதுவே முதல் கணினி. அண்ணன் படித்து, தங்கை படித்து, பின்னர் பழுதாகிக் கடைக்குச் சென்றவை எத்தனையோ. பழுதுநீக்கும் கடையில் கணினியைக் கொடுக்கும்போது பையையும் மின்னூட்டியையும் திரும்பக் கேட்டு வாங்கும் வழக்கம் இருக்கிறது. வட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுக்கும் வழக்கம் இல்லை. கடைக்காரர் நல்லவர் என்னும் நம்பிக்கையே அங்கே பூட்டும் சாவியும். பெரும்பாலும் அந்நம்பிக்கை பொய்ப்பதில்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் பல்லாண்டு நேரக்கணக்கை ஒருவரின் நற்குணத்தை மட்டும் நம்பி ஒப்படைப்பது முறையாகுமா?

பதிவின் மறுபக்கம்

இப்பதிவுகளை அடியோடு ஒழித்துவிட வேண்டும் என்பாரின் கருத்து ஏற்கத்தக்கது அன்று. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வெளிப்பட்ட மோசடி ஒன்று இதற்குச் சான்று. பல்லாயிரம் மணி நேரம் உழைத்துத் தேய்ந்த வன்வட்டுகள், புதியவை எனக் கூறி விற்கப்பட்டன. மோசடிக்காரர்கள் ஸ்மார்ட் பதிவில் இருந்த மணிக்கணக்கைச் சுழியமாக்கியிருந்தனர். சீகேட் நிறுவனத்தின் வட்டுகளில் 'ஃபார்ம்' என்னும் மற்றொரு பதிவேடு இருப்பதை அவர்கள் கருதவில்லை. அது உண்மை வயதைச் சொல்லிவிட்டது. ஏமாந்த வாடிக்கையாளர்களுக்கு அந்தப் பதிவே துணைநின்றது. அதே நிகழ்ச்சி வேறொன்றையும் காட்டுகிறது. உரியவர் துடைத்துவிட்டதாக எண்ணும் இடத்துக்கு அப்பாலும் வட்டில் ஏடுகள் உண்டு.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள விச்சிட்டா நகரில் 1974 முதல் 1991 வரை பத்துப் பேரைக் கொன்றவன் நெடுங்காலம் பிடிபடாமல் இருந்தான். 2005ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவன் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு நெகிழ்வட்டு ஒன்றை அனுப்பினான். அதில் அழிக்கப்பட்டிருந்த ஆவணம் ஒன்றைக் காவல்துறை மீட்டது. ஒரு தேவாலயத்தின் பெயரும், ஆவணத்தைக் கடைசியாக மாற்றியவரின் பெயரும் அதன் துணைத்தகவலில் இருந்தன. அம்மாதமே அவன் கைதானான். இத்தகைய வழக்குகளில் துணைத்தகவல் அறத்தின் பக்கம் நின்றது என்பதை யாரும் மறுக்க இயலாது.

ஆனால் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்த அதே வகைத் தகவல் குற்றமற்றவரையும் சிக்க வைக்கலாம். காரணம், நேரமுத்திரை கடிகாரத்தை நம்பி வாழ்வது. கடிகாரம் தவறினால் முத்திரையும் தவறும். தாய்ப்பலகையில் உள்ள சிறு மின்கலம் தீர்ந்த பழைய கணினி, மின்சாரம் வந்தவுடன் பல்லாண்டுகளுக்கு முந்தைய நாளில் விழித்தெழுவதுண்டு. நேரமண்டலமும் குழப்பும். என்.டி.எஃப்.எஸ். உலகப் பொதுநேரத்தில் எழுதுகிறது. பென் டிரைவ்களில் பரவலாக உள்ள ஃபேட் முறைமை, மண்டலம் எதுவென்று குறிக்காமல் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது. இந்திய நேரம் பொதுநேரத்தினும் ஐந்தரை மணி முந்தியது. ஜூன் 11 நள்ளிரவு கடந்து 2 மணிக்கு மதுரையில் எழுதிய கோப்பு, பொதுநேரப்படி ஜூன் 10 இரவு 8.30 மணிக்குரியது. மண்டலத்தைக் கருதாமல் படிப்பவர் நாளையே மாற்றிச் சொல்லிவிடுவார். ஒரு கோப்பைப் படியெடுத்தால், படியெடுத்த நேரமே உருவான நேரமாகிவிடும். மாறிய நேரமோ பழையதாகவே இருக்கும். பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட கோப்புகள் இவ்வாறுதான் தோன்றுகின்றன. இதை அறியாதவர் கையில் அது பொய்ச்சான்று எனத் தோன்றும்.

உரிமை யாருக்கு?

தனியுரிமை அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தனித்தனியே அற்பமாகத் தோன்றும் தகவல்கள் ஒன்றுசேரும்போது ஒருவரின் இயல்பையே வெளிப்படுத்திவிடும் என்னும் கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை அடையாளம் காட்டவல்ல தரவுகளுக்குக் காப்பளிக்கிறது. ஆனால் அச்சட்டத்தின் பார்வை தரவைத் திரட்டும் நிறுவனத்தின்மீதே முதன்மையாகப் பதிந்துள்ளது. வட்டில் விழும் நேரமுத்திரையை எந்த நிறுவனமும் கேட்டு வாங்குவதில்லை. அது உரியவரின் வீட்டிலேயே, அவருடைய மேசையிலேயே, யாரும் கேளாமல் திரண்டு கிடக்கிறது. திரட்டியவர் இல்லாத தரவு என்பதால், அதற்குப் பொறுப்பேற்பவரும் இல்லை.

வட்டு செய்யும் நிறுவனங்கள், பழுதின் காரணத்தை அறியவும் உத்தரவாதத்தை நிறைவேற்றவும் இப்பதிவு வேண்டும் என்கின்றன. அது நியாயமே. மருத்துவருக்கும் நோயாளியின் வரலாறு வேண்டும். அதற்காக அவ்வரலாறு நோயாளிக்குத் தெரியாத இடத்தில் வைக்கப்பட வேண்டியதில்லை. பதிவு இருக்கட்டும், அது இருப்பதை உரியவர் அறியட்டும், எளிய மொழியில் திறந்து படிக்கட்டும், வட்டை விற்கும் நாளில் தம் விருப்பப்படி நீக்கட்டும். வயதை மட்டும் விட்டுவைத்து நாளையும் நேரத்தையும் நீக்கும் வழி ஒன்று அமைந்தால், வாங்குபவரும் ஏமாறமாட்டார், விற்பவரும் வெளிப்படமாட்டார்.

இது தொழில்நுட்பத்தால் இயலாத செயல் அன்று. கோப்பு திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் நேரத்தை எழுதும் வழக்கத்தை விண்டோஸ் விஸ்டா இயல்புநிலையில் நிறுத்தியது. லினக்ஸ் 2009ஆம் ஆண்டில் அவ்வழக்கத்தைப் பெரிதும் குறைத்தது. இரண்டும் மனிதரின் தனியுரிமையைக் கருதிச் செய்யப்பட்டவை அல்ல. அடிக்கடி எழுதுவதால் கணினியின் வேகம் குறைந்தது, அவ்வளவே. வேகத்துக்காக விட்டுக்கொடுக்க முடிந்ததை மனிதருக்காக விட்டுக்கொடுக்க ஏன் முடியாது?

அதுவரை தனிமனிதர் செய்யக்கூடியவை சில உள்ளன. வட்டு முழுவதையும் மறைகுறியாக்கம் செய்தால், கடவுச்சொல் இல்லாதவர்க்குக் கோப்புகளோடு கோப்புகளின் நேரமும் புலப்படாது. பழைய வட்டை விற்கும்முன், வெறும் அழித்தலோடு நில்லாமல், வட்டின் உள்ளேயே அமைந்த தூய்மையாக்கும் கட்டளையைப் பயன்படுத்தலாம். பழுதுநீக்கக் கொடுக்கும்போது, இயலுமானால் வட்டைக் கழற்றி வீட்டில் வைக்கலாம். இவையனைத்தையும் செய்தபின்னும், வட்டு தன்னைப் பற்றி எழுதிய ஏடு பெரும்பாலும் வட்டிலேயே இருக்கும். அதை நீக்கும் பொத்தான் எந்த இயக்க அமைப்பின் அமைப்புப் பட்டியலிலும் பொதுமக்கள் கண்ணில் படும்படி இல்லை. வட்டின் பெட்டிமேல் கொள்ளளவு அச்சிடப்பட்டிருக்கிறது, வேகம் அச்சிடப்பட்டிருக்கிறது, உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதும் அச்சிடப்பட்டிருக்கிறது. 'இவ்வட்டு நேரத்தைக் குறித்துவைக்கும்' என்னும் ஒரு வரிக்கும் அப்பெட்டியில் இடம் இருக்கிறது.